கும்மி வட்டத்தில் எல்லோருக்கும் இடம் வேண்டும்

(துடியலூரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் பாதியில் நின்று போனது உங்களுக்கு நினைவிருக்கும். "தை மாசம் நம்ம கூட்டமைப்பு சார்பா ஒரு வள்ளி கும்மி நடத்தலாமுங்க, ஊரே ஆடுது, நாம மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கறதா?" என்று ஒரு குழு கேட்டது. உடனே இன்னொரு குழு, "புடவைக்கு யாரு காசு தர்றது?" என்றது. மூன்றாவது குழுவில் ஒரு அக்கா மெதுவாக, "எங்களையும் சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டார். அதோடு கூட்டம் அமைதியாகிவிட்டது. தீர்மான நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடித்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறோம். இந்தக் கும்மி எங்கிருந்து வந்தது, எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது, அதில் நமக்கு என்ன கிடைத்தது, எதில் நாம் ஏமாந்துவிடக் கூடாது என்று பேசுவோம். கடைசியில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்யுங்கள்.

நம்ம ஊர்ப் பேரிலேயே தாளம்

துடியலூர் என்று தினமும் சொல்கிறோம். பஸ் போர்டில் படிக்கிறோம். துடி என்றால் என்ன? அது ஒரு சிறிய தோல் கருவி. இடை சிறுத்து, இரண்டு பக்கமும் விரிந்து, உடுக்கை போல இருக்கும். சங்க காலத்திலேயே அதை வாசித்தவர்களுக்குத் துடியர் என்று பெயர். பக்கத்தில் வடமதுரை விருந்தீஸ்வரர் கோயிலைப் பெரியவர்கள் துடிசை என்று சொல்வார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி சத்தமும், ஒரு காலத்தில் மில் சங்கும் கேட்டு வளர்ந்த நமக்கு, நம் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு தாளம் இருக்கிறது என்பது மறந்து போச்சு. 2011-ல் துடியலூர் பேரூராட்சி கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் நகரமானது. ஆனால் மாரியம்மன் நோம்பி வந்துவிட்டால் கம்பம் நட்டு ஜமாப் அடிக்கும் சத்தத்தில் நகரமெல்லாம் காணாமல் போய் மறுபடி ஊராகிவிடுகிறது.

கொங்கு நாட்டில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் எப்போதும் குறைவு இல்லை. கம்பத்தாட்டம், ஒயிலாட்டம், பெருஞ்சலங்கை ஆட்டம், உடுக்கை அடித்து விடிய விடியப் பாடும் அண்ணன்மார் கதை, ஆனைகட்டிப் பக்கம் இருளர் மக்களின் குழலும் பறையும் சேர்ந்த ஆட்டம் என்று எத்தனையோ உண்டு. அண்ணன்மார் கதையைக் கேட்க பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு அம்மா 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையம் கிராமத்துக்கே வந்து தங்கி, டேப்பில் பதிவு செய்து, பிறகு புத்தகமாகவும் கொண்டு வந்தார். கடல் தாண்டி வந்த ஒருவருக்கு அருமையாகத் தெரிந்தது, அன்றைக்கு நம்மில் பலருக்கு வெறும் "கோயில் பாட்டு"தான்.

கும்மியும் நமக்குப் புதிது இல்லை. பொங்கல் முடிந்து பூ நோம்பிக்கு நம் அமுச்சிகள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூப் பறித்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, வட்டமாக நின்று கும்மி கொட்டியிருக்கிறார்கள். முளைப்பாரியைச் சுற்றிக் கொட்டினார்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சீர் செய்யும்போது கொட்டினார்கள். ஆக, கும்மி பெண்களுடைய சொத்து. ஆனால் அது வீட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் இருந்த சொத்து. மேடைக்கு வரவில்லை.

ஆண்கள் மட்டும் ஆடிய வள்ளி

வள்ளி கும்மி கதை வேறு. கோயில் திடலில், ஊர் முன்னால், இரவு நேரத்தில் முருகன் வள்ளி கதையைப் பாடிக்கொண்டு ஆடுவது அது. அதை ரொம்ப காலம் ஆண்கள்தான் ஆடினார்கள். வள்ளியின் வெட்கத்தையும் கோபத்தையும் பாடி ஆடியவர்களும் ஆண்களே. பெண்கள் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். வள்ளியைப் பற்றிய ஆட்டத்தில் ஒரு பெண்ணும் இல்லை!

இது மாறியதில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயா. வள்ளி ஒயில் கும்மியைப் பல காலமாக ஆடியும் கற்றுக்கொடுத்தும் வந்தவர். ஆண்கள் மட்டும் என்று இருந்த வழக்கத்தை விட்டு, பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2024-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 87. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நம் குழுக்களில் பாதிப் பேர் போன் செய்து, "ஏனுங்க, நம்ம தேக்கம்பட்டிக்காரருக்குங்களா டெல்லி விருது?" என்று கேட்டார்கள். ஒரு கிராமத்து ஆட்டக்காரருக்கு அந்த மரியாதை கிடைத்தது நம் எல்லோருக்கும் கிடைத்த மாதிரி இருந்தது.

எப்படி வளர்ந்தது?

இன்றைக்கு வள்ளி கும்மி வளர்ந்த விதத்தைப் பார்த்தால், நம் சுய உதவிக் குழு வளர்ந்த விதம் போலவே இருக்கிறது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சில ஊர்களில் தொடங்கிய குழு, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஒரு ஊரில் பார்த்த பெண், கட்டிக்கொடுத்த ஊரில் போய்ச் சொன்னார். அங்கே ஒரு குழு வந்தது. கும்மியும் அப்படித்தான்.

ஒரு ஊரில் ஆசிரியர் வருகிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில ஊர்களில் ஆண்களும், கோயில் திடலில் கூடுகிறார்கள். வாரக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. ஆசிரியர் மைக்கில் பாட, எல்லோரும் ஒரே சீராகக் கை தட்டி, குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வருகிறார்கள். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து அரங்கேற்றம். ஒரே நிறப் புடவை, தலை நிறையப் பூ, லைட்டு, பந்தல், ஒறம்பரைக்கு எல்லாம் சாப்பாடு. அரங்கேற்றம் பார்க்க வந்த பக்கத்து ஊர்ப் பெண்கள், "எங்க ஊருக்கும் வாங்க" என்று ஆசிரியரைக் கூப்பிடுகிறார்கள். அடுத்த ஊரில் பயிற்சி தொடங்குகிறது.

இது ஏன் இந்தக் காலத்தில் இவ்வளவு வேகமாகப் பரவியது? நாங்கள் ஊர் ஊராகக் கேட்ட வரை நான்கு காரணம் சொல்கிறார்கள்.

முதலாவது, இதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. பரதநாட்டியம் மாதிரி பல வருடம் படிக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயது ஆத்தாவும் ஒரே வரிசையில் ஆடலாம்.

இரண்டாவது, செல்போன். ஆடியதை வீடியோ எடுத்து அனுப்பினால் வெளிநாட்டில் இருக்கும் மகன் பார்க்கிறான். வாட்ஸ்அப் குரூப்பில் பயிற்சிப் பாட்டைப் போட்டால் சமைத்துக்கொண்டே மனப்பாடம் செய்யலாம்.

மூன்றாவது, ஊர் கலைந்துபோன ஏக்கம். தோட்டம் சைட்டாகிப் போச்சு. பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கும்மிப் பயிற்சிக்கு வந்த பிறகுதான் ஒரே வீதியில் பத்து வருடம் இருந்தவர்கள் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான்காவது, "கோயில் காரியம்" என்றால் வீட்டில் தடை சொல்ல முடியாது. குழுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கும் மாமியார்கூட, சாமி பாட்டு என்றால் போய்வா என்று அனுப்பிவிடுகிறார். இதைச் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். உண்மைதானே!

திருவிழாவாக மாறியது

ஊர் அரங்கேற்றமாக இருந்தது மெல்லப் பெரிய விழாவாயிற்று. மாநாடுகளில், வரவேற்புகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெண்கள் ஆடத் தொடங்கினார்கள். 2024-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் நடந்த ஒரு கட்சி மாநாட்டில் சுமார் 16 ஆயிரம் பேர் ஒன்றாக ஆடினார்கள். டி.வி.யில் பார்த்தவர்கள் வாய் பிளந்துவிட்டோம்.

அரசாங்கமும் இந்தப் பக்கம் திரும்பியது. 2007-ல் சென்னை சங்கமம் என்ற பெயரில், பூங்காவிலும் கடற்கரையிலும் தெருவிலும் நாட்டுப்புறக் கலைஞர்களை ஆட வைத்தார்கள். பட்டணத்து ஜனங்கள் கரகத்தையும் தப்பாட்டத்தையும் நேரில் பார்த்தார்கள். 2011-க்குப் பிறகு அது நின்று போனது. மறுபடியும் 2023 பொங்கலுக்கு "சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா" என்று கலை பண்பாட்டுத் துறை நடத்தியது. அதே வருடம் வந்த பட்ஜெட்டில், சென்னையோடு நிற்காமல் இன்னும் 8 நகரங்களுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். அதில் நம் கோவையும் ஒன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர் செலவு செய்து நடத்துகிற விழா, அரசு நடத்துகிற விழா, கட்சி நடத்துகிற விழா ஆகிய மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும். ஆனால் யார் கூப்பிடுகிறார்கள், யார் காசு தருகிறார்கள், யாருக்குக் கூட்டம் காட்டுகிறார்கள் என்பது வேறு வேறு. நாம் ஆடப் போகும் முன் இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கச் சொல்கிறோம் இல்லையா, அதைப் போல.

நமக்குக் கிடைத்தது

போன வருடம் ஒரு ஊரில் பயிற்சி பார்க்கப் போயிருந்தோம். நம் குழு உறுப்பினர் ஒரு அக்கா, வீட்டுக்காரர் தவறி நான்கு வருடம் ஆகிறது, தினமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஆட விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். ஆசிரியர் பாடும் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். உதடு அசையும், எழுந்து வர மாட்டார்.

"ஏனுங்க்கா, நீங்க வரலையா?" என்று கேட்டோம்.

"நானுங்களா? எனக்கு அந்தச் செகப்புச் சீலை ஆகுமுங்களா? ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

நாங்கள் பதில் தேடுவதற்குள், வரிசையில் நின்ற ஒரு வயதான ஆத்தா சத்தமாகச் சொன்னார்: "வள்ளி முன்னால எல்லாருமே புள்ளைங்கதான் கண்ணு. எந்திரிச்சு வா." அவரே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அரங்கேற்றத்தன்று அந்த அக்கா சிவப்புப் புடவையில் இரண்டாம் வரிசையில் ஆடினார். நாங்கள் பத்து வருடம் விழிப்புணர்வுப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். விதவை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். அந்தப் போஸ்டர் செய்யாததை அந்த ஆத்தாவின் கை செய்தது. அதனால்தான், கும்மியால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் நாங்கள் சும்மா இருப்பதில்லை.

கணக்கையும் பார்ப்போம்

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இது எங்கள் தவறும் சேர்ந்தது. மறைக்கப் போவதில்லை.

வேறொரு ஊரில் ஒரு குழு. நல்ல குழு, வங்கிக் கடனைத் தவணை தவறாமல் கட்டிவந்த குழு. அரங்கேற்றத்துக்குப் புடவை, ஜாக்கெட் தையல், ஆசிரியர் பங்கு, பந்தல் பங்கு, போட்டோ என்று ஆளுக்குக் கிட்டத்தட்ட 2,500 ரூபாய் வந்தது. கையில் இல்லாதவர்கள் குழுவில் உள்கடன் கேட்டார்கள். எல்லோரும் ஆடுகிறவர்கள்தானே, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்மான நோட்டில் "அவசரத் தேவை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். களப்பணியாளராக நாங்களும் அந்த மாதம் நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் அதே குழுவில் ஒரு சகோதரியின் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. குழுவில் கடன் கேட்டு வந்தார். பெட்டியில் பணம் இல்லை. புடவையாகப் போயிருந்தது. அந்தச் சகோதரி ஆடப் போகாதவர் வேறு. "ஆடுனவங்களுக்கு இருந்துச்சு, எம் புள்ளைக்கு இல்லையா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கந்துவட்டிக்கு வாங்கித்தான் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார். கந்துவட்டியை ஒழிக்கத்தானே நாம் குழுவே தொடங்கினோம்?

ஒரே நிறப் புடவை பார்க்க அழகுதான். அந்த விதவை அக்காவுக்கு அதே புடவைதான் விடுதலை கொடுத்தது. இந்தச் சகோதரிக்கு அதே புடவைதான் கடன் கொண்டுவந்தது. புடவை மேல் குற்றம் இல்லை. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தோம் என்பதில்தான் குற்றம்.

வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

இப்போது "எங்களையும் சேர்த்துக்குவீங்களா" என்று கேட்ட அக்காவின் கேள்விக்கு வருவோம். அது சும்மா வந்த கேள்வி இல்லை.

ஒரு ஊரில், ஊரின் பேர் வேண்டாம், கோயில் திடலில் பயிற்சி நடந்தது. காலனியிலிருந்து நம் குழுச் சகோதரிகள் ஐந்து பேர் ஆசையாக வந்தார்கள். "இடம் பத்தாதுங்க, அடுத்த பேட்ச்சில பார்க்கலாம்" என்று சொன்னார்கள். அந்தத் திடலில் இன்னும் ஐம்பது பேர் ஆடலாம். எல்லோருக்கும் அது தெரியும். வந்தவர்கள் டீக்கடைத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்களும் அங்கேதான் இருந்தோம். விழா கெட்டுப்போகுமே, ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர்கள் கூட்டமைப்புக் கூட்டத்துக்கே வரவில்லை. வங்கியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஒரே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கும்மி வட்டத்தில் மட்டும் இடம் பத்தவில்லை என்றால் அவர்கள் மனது என்ன பாடுபட்டிருக்கும்? இந்த மேடையில் நின்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. சில மேடைகளில், கும்மி ஆடிய பெண் பிள்ளைகளிடம், சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கியிருக்கிறார்கள். அது வீடியோவாகப் பரவி, பத்திரிகையில் வந்து, எதிர்ப்பும் கிளம்பியது. இதைப் பேசாமல் கும்மியைப் பற்றிப் பேச முடியாது.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போகட்டும்" என்று சிலர் நினைக்கலாம். 2016-ல் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்த ஒரு கல்லூரி மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பெண்ணுக்கும் வெட்டு விழுந்தது. அது நம் கொங்கு மண்ணில்தான் நடந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையை மேடையில் நிறுத்தி, ஊர் முன்னால் கை நீட்டச் சொல்லி வாங்கும் உறுதிமொழி, நாளைக்கு அவளை மிரட்டுவதற்கு ஒரு சாட்சியாகிவிடும். சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்குத் தன் துணையைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. அதை எந்த மேடையும் பிடுங்கிக்கொள்ள முடியாது.

அதைவிடப் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? வள்ளி கதையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். வள்ளி யார்? வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை. வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்த பெண். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் எறிந்து கிளி ஓட்டியவள். கூலி வேலை செய்யும் நம்மைப் போல வேலைக்காரப் பெண். முருகன் யார்? வேறு இடத்துக்காரர். வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார், அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச் சொல்கிறார். கடைசியில் வள்ளி தானாக மனது வைத்துத்தான் அவரோடு போகிறாள். ஆட்கள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். பிறகு அப்பா மனம் மாறிச் சம்மதிக்கிறார். வேலூர்ப் பக்கம் வள்ளிமலைக்குப் போனால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். மருதமலையில் முருகனைக் கும்பிடும்போது இந்த மாப்பிள்ளையைத்தான் கும்பிடுகிறோம்.

பெண் தானே தேர்ந்தெடுத்த கல்யாணத்தை இரண்டு மணி நேரம் கை தட்டிப் பாடி ஆடிவிட்டு, முடிவில் "நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம்" என்று சத்தியம் செய்வது சரியா? அது வள்ளிக்கே செய்கிற அவமரியாதை இல்லையா? யோசித்துப் பாருங்கள்.

மேளம் அடிப்பவரை மறக்க வேண்டாம்

கும்மிக்குத் தாளம் யார் கொடுக்கிறார்கள்? பம்பை, உறுமி, தவில், ஜமாப் என்று எதுவாக இருந்தாலும் அடிப்பவர் ஓரத்தில் நிற்கிறார். ஆடியவர்களுக்குச் சால்வை, அவருக்குக் கடைசிப் பந்தி. கூலியும் "நாளைக்கு வாப்பா" என்று இழுத்தடிக்கிறார்கள். பறை என்றால் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த காலம் இன்னும் முழுதாக மாறவில்லை.

திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று ஒன்று உண்டு. சகோதரி சந்திரா முன்னின்று 1990-ல் தொடங்கியது. ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பறையும் ஆட்டமும் படிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். இழவு வீட்டுக்கென்று ஒதுக்கிய கருவியை, அதுவும் பெண்கள், மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஸோயி ஷெரினியன் என்ற பேராசிரியர் வந்து அவர்களோடு இருந்து, 2018-ல் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்து முடித்தார். ஒரு கலை வளர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை ஆயிரம் பேர் ஆடினார்கள் என்ற எண்ணிக்கை ஒன்று. ஒதுங்கி நின்றவர் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற எண்ணிக்கை இன்னொன்று. நமக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

நம் உறுப்பினர் வீடுகளிலேயே பம்பை அடிக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள். 2007-ல் தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்தது. அதில் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, இறப்பு போன்றவற்றுக்கு உதவி உண்டு. பதிந்தவர்கள் எத்தனை பேர் என்று போன மாதம் விசாரித்தோம். பலருக்கு வாரியம் இருப்பதே தெரியவில்லை. கட்டடத் தொழிலாளர் வாரியத்தில் பதியச் சொல்லி வீடு வீடாகப் போனோமே, அதே மாதிரி இதற்கும் போக வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் கோவை மண்டல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். வர வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு நாங்களும் வருகிறோம்.

நம் தீர்மானம்

சகோதரிகளே, கும்மி நடத்தலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் நம் முறையில் நடத்துவோம். கீழே உள்ளவற்றைத் தீர்மானமாக முன்வைக்கிறோம். வேண்டாதது இருந்தால் நீக்குங்கள், விட்டுப்போனது இருந்தால் சேருங்கள்.

1. குழுச் சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி எதிலிருந்தும் புடவைக்குப் பணம் எடுக்கக் கூடாது. அவரவர் வீட்டில் இருக்கும் நூல் புடவை போதும். தலையில் எல்லோரும் ஒரே ஆவாரம்பூ வைத்துக்கொள்வோம். காசு செலவில்லாத ஒரே நிறம் அது.

2. பயிற்சி நடக்கும் இடம் எல்லோரும் தடையில்லாமல் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பள்ளி மைதானமோ கூட்டமைப்பு வளாகமோ பார்க்கலாம். யாரையும் "அடுத்த பேட்ச்" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

3. வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம்.

4. மேடையில் கட்சிக் கொடியும் வேண்டாம், சாதி உறுதிமொழியும் வேண்டாம்.

5. செலவுப் பட்டியலில் முதல் வரி மேளக்காரர் கூலி. ஆட்டம் தொடங்கும் முன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்களும் நம்மோடு முதல் பந்தியில் சாப்பிடுவார்கள்.

6. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டும். பரீட்சை மாதத்தில் பயிற்சி கிடையாது.

7. விழா நாளில் நம் குழுக்களின் பொருள்களுக்குக் கடை போடுவோம். மசாலாப் பொடி, முறுக்கு, கைப்பை, மதி பொருள்கள் எல்லாம் வைக்கலாம். வரவு செலவை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்போம்.

நாம் வாராவாரம் கூட்டத்தில் எப்படி உட்காருகிறோம்? வட்டமாக. முதல் பயிற்சியிலேயே, தலைவி என்று ஒருத்தர் முன்னால் உட்காரக் கூடாது, எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் அப்படி உட்கார வைத்தோம். கும்மியும் வட்டம்தான். உட்கார்ந்து பழகிய வட்டத்தை இப்போது எழுந்து நின்று ஆடப் போகிறோம், அவ்வளவுதான்.

டீக்கடைத் திண்ணையிலிருந்து திரும்பிப் போன ஐந்து சகோதரிகளில் மூன்று பேர் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரை அழைத்து வர நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். உங்களில் யாராவது எங்களோடு வருகிறீர்களா? வருகிறவர்கள் இப்போதே பேர் கொடுங்கள்.



(உரை முடிந்ததும் ஏழு தீர்மானங்களும் வாசிக்கப்பட்டன. மூன்றாவது தீர்மானத்தில், "வயசானவங்களை முன்வரிசையில விடுங்க, சீட்டு மத்தவங்களுக்கு" என்று ஒரு உறுப்பினர் சொன்ன திருத்தம் ஏற்கப்பட்டது. காலியாக இருந்த பக்கம் நிரம்பியது. மறுநாள் போவதற்குப் பதினொரு பேர் பேர் கொடுத்தார்கள்.)